எறங்குற இடம்

எங்கள் அம்மாச்சி பிறந்த தேதியை யாரும் எழுதி வைக்கவில்லை. வெள்ளத்து வருஷம் பிறந்தவள் என்பார்கள். அவள் வயதுக்கு இருந்த ஒரே கணக்கு அதுதான். எங்கே பிறந்தாய் என்று கேட்டால் "டேசன்ல" என்பாள். போடியில் வளர்ந்த எனக்குத் தெரிந்த டேசன் ஒன்றே ஒன்று: மதுரைக்கு மீட்டர் கேஜ் வண்டி புறப்பட்ட எங்கள் ஊர் ஸ்டேஷன். அதன் கூட்ஸ் கொட்டகைக்குப் பின்னால் எங்கேயோ ஒரு குடிசையில் அம்மாச்சி பிறந்திருக்க வேண்டும் என்று பல வருஷம் நினைத்திருந்தேன். அவள் இறந்து பதினாறாம் நாள் காரியத்துக்கு மலையிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னபோதுதான் விளங்கியது. அவள் சொன்ன டேசன் கீழே இல்லை. மலை உச்சியில், டாப் ஸ்டேஷனில் இருக்கிறது. அங்கே கடைசி வண்டி நின்று அம்மாச்சியின் வயதளவு காலம் ஆகியிருந்தது.

அந்த ரயில் போன வழியை நடந்து பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அன்றைக்கு மனதில் விழுந்தது. காலுக்கு வந்துசேர இவ்வளவு வருஷம் பிடித்தது. போன தை மாதம் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை இரண்டு நாளும், அங்கிருந்து மலை இறங்கிக் கொட்டகுடிக்கு ஒரு நாளும் நடந்தேன்.

குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் என்று புத்தகங்கள் அதைச் சொல்கின்றன. அதன் கதை தேயிலையோடு தொடங்குகிறது. 1877-ல் ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் பூஞ்ஞாறு அரச வம்சத்தாரிடமிருந்து இந்த மலைகளை எழுதி வாங்கினார். அஞ்சுநாட்டுத் தலைவராக இருந்த கண்ணன் தேவரின் பெயர்தான் மலைக்கும் பின்னால் கம்பெனிக்கும் நிலைத்தது. 1897-ல் கண்ணன் தேவன் கம்பெனி உருவானது. காட்டை வெட்டிச் செடி நட்டாகிவிட்டது, ஃபாக்டரியும் வந்தாகிவிட்டது. காய்ந்து பெட்டியில் அடைபட்ட தூளைக் கப்பலுக்கு எப்படிக் கொண்டுபோவது என்பதுதான் அடுத்த கேள்வி. மேற்கே கொச்சிப் பக்கம் இறங்கினால் காடும் ஆறும் மழையும். கிழக்கே மலையின் விளிம்பு வரை போய்விட்டால் நேர் கீழே போடி, அங்கிருந்து சமவெளி, அதற்கப்பால் தூத்துக்குடி. ஆகவே தேயிலையை மலை விளிம்பு வரை கொண்டுபோய்க் கீழே இறக்குவது என்று முடிவானது. அந்த விளிம்புதான் டாப் ஸ்டேஷன்.

முதலில் வந்தது நாம் இன்று நினைக்கிற மாதிரியான ரயில் இல்லை. 1902-ல் வண்டிப்பாதையின் ஓரத்தில் ஒற்றைத் தண்டவாளம் ஒன்றைப் பதித்தார்கள். யூயிங் முறை என்று அதற்குப் பெயர். வண்டியின் பாரத்தில் பெரும்பகுதி அந்த ஒற்றைத் தண்டவாளத்தின் மேல் உருளும் சக்கரங்களில் இறங்கும். வண்டி சாயாமலிருக்கப் பக்கவாட்டில் இன்னொரு சக்கரம் வெறும் ரோட்டில் உருண்டுவரும். இழுத்தவை மாடுகள். பாட்டியாலா சமஸ்தானத்தில் 1907-ல் இதே முறையில் ஒரு பாதை போட்டார்கள். அங்கே ஓடிய நீராவி எஞ்சின் ஒன்று டெல்லி ரயில் மியூசியத்தில் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம். மூணாறு மாடுகளுக்கு அப்படி ஒரு மியூசியம் இல்லை. பனி விழுந்த ரோட்டில், ஒரு பக்கம் இரும்பும் மறுபக்கம் சேறுமாக, தேயிலைப் பெட்டிகளின் பாரத்தை இழுத்துக்கொண்டு முப்பது கிலோமீட்டருக்கு மேல் போன மாடுகள் எங்கள் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஏற்றப்பட்டவையாகத்தான் இருக்கும் என்று எனக்கு ஓர் எண்ணம். சான்று எதுவும் இல்லை. போடிக்காரனின் பாசம் என்று வைத்துக்கொள்ளலாம்.

1908-ல் ஒற்றைத் தண்டவாளத்தை எடுத்துவிட்டு இரண்டடி அகலப் பாதை போட்டார்கள். இரண்டடி என்றால் ஒரு ஆள் கொஞ்சம் காலை அகட்டி நின்று இரண்டு தண்டவாளத்தையும் மிதித்துவிடலாம். அவ்வளவு ஒடுக்கமான பாதைதான் மலையின் மடிப்புகளில் நுழைந்து திரும்ப முடியும். பதினாறு வருஷம் அது ஓடியது.

மூணாறில் நடக்கத் தொடங்கிய இடம் அலுமினியப் பாலம். ஆட்டோக்காரர்களுக்கு அது வழி சொல்ல உதவும் ஓர் அடையாளம், அவ்வளவுதான். அந்த இடத்தில்தான் ரயில் ஆற்றைத் தாண்டியது. பழைய மூணாறு ஸ்டேஷன் கட்டடம் தேயிலைக் கம்பெனியின் அலுவலகமாகிவிட்டது. கல் கட்டடம் என்பதால் தப்பித்தது. நல்லதண்ணி எஸ்டேட்டில் இருக்கும் தேயிலை மியூசியத்தில் எஞ்சின் சக்கரம் ஒன்றை வைத்திருக்கிறார்கள். இந்த ரயிலைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர் அங்கேதான் போக வேண்டும். நான் தொட்டேன். பெயின்ட் அடித்திருந்தார்கள்.

கம்பெனி அலுவலகத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். 2015 செப்டம்பரில் இந்த ஊர் ரோட்டில் ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளிப் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். 20 சதவீத போனஸ் கேட்டார்கள், கூலியைக் கூட்டச் சொன்னார்கள். எந்தத் தொழிற்சங்கத் தலைவரையும் பக்கத்தில் சேர்க்கவில்லை. பெம்பிளை ஒருமை என்று பெயர் வைத்துக்கொண்டு, சங்கங்களின் துணை இல்லாமல் தாங்களாகவே பேசி போனஸை வாங்கினார்கள். அவர்கள் உட்கார்ந்த ரோட்டின் வழியாகத்தான் அவர்களுடைய பாட்டிகள் கிள்ளிய கொழுந்து பெட்டியாகி வண்டி ஏறியது. ரயிலைப் பற்றி எழுதுகிறவர்கள் எஞ்சினையும் பாலத்தையும் பற்றி எழுதுகிறார்கள். வண்டியில் என்ன ஏறியது, அதை யார் கிள்ளினார்கள் என்பதும் ரயிலின் கதைதான் என்று நான் நினைக்கிறேன்.

மாட்டுப்பட்டிக்குப் போகும் ரோட்டில் சுற்றுலா ஜீப்புகளின் நெரிசல். தண்டவாளமோ சிலிப்பர் கட்டையோ ஒன்றுகூடக் கண்ணில் படாது. மலையில் இரும்பு சும்மா கிடப்பதில்லை. யாராவது எடுத்துக் கம்பமாக ஊன்றுவார்கள், விட்டமாக வைப்பார்கள், பழைய இரும்புக்குப் போடுவார்கள். சிலிப்பர் கட்டையும் அப்படித்தான். கைவிடப்பட்ட ரயில் பாதையைத் தேடிப் போகிறவர் முதலில் கண்ணை நம்புவதை விட வேண்டும்.

மாட்டுப்பட்டியைத் தாண்டியபோது எனக்கு அந்தப் பாதை காலில் தட்டுப்பட்டது. போடிமெட்டு வழியாக மலை ஏறியவர்களுக்குத் தெரியும், அந்த ரோடு எப்படி வளைந்து வளைந்து மூச்சு வாங்க வைக்கும் என்று. இந்த வழியில் அது இல்லை. ஆற்றின் போக்கை விடாமல், மலையின் இடுப்பைச் சுற்றிச் சுற்றி, ஏறுகிறதா சமமாகப் போகிறதா என்று தெரியாதபடி ரோடு போகிறது. எனக்கு மூச்சு இரைக்கவே இல்லை. இரும்புச் சக்கரம் இரும்பின் மேல் வழுக்கும். நூறடிக்கு மூன்று நான்கு அடி ஏறினாலே சாதாரண ரயிலுக்கு அது செங்குத்து. அதனால் பாதை போட்டவர்கள் மலையோடு மல்லுக்கு நிற்காமல் சுற்றிப் போனார்கள். மூணாறுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் உயர வித்தியாசம் சில நூறு மீட்டர்தான். அதை முப்பது கிலோமீட்டருக்கு மேல் பங்கு போட்டால் இந்த மாதிரி மெல்லிய ஏற்றம் கிடைக்கும். நூறு வருஷத்துக்கு முன்னால் ஒருவர் மட்டப்பலகை வைத்துப் பார்த்து, இன்னொருவர் மண்வெட்டியால் வெட்டிச் சமன் செய்த சரிவு அது. தார் போட்டாயிற்று, அகலப்படுத்தியாயிற்று. சரிவு மட்டும் என் முழங்காலுக்குக் கீழே அப்படியே இருந்தது.

வழியில் இரண்டு அணைகள். மாட்டுப்பட்டி, குண்டளை. இரண்டுமே வண்டி நின்றுபோய் இருபது வருஷத்துக்குப் பிறகு வந்தவை. இன்று மூணாறுக்கு வருகிறவர்கள் படகு விடுவதும் யானை பார்ப்பதும் அங்கேதான். வேகமாகக் கடந்தேன்.

எல்லப்பட்டியில் வெயில் இறங்கத் தொடங்கியது. தை மாதத்தில் இந்தப் பக்கம் விடியற்காலையில் உறைபனி விழும். புல்லெல்லாம் சுண்ணாம்பு தெளித்தாற்போல ஆகிவிடும், கொழுந்து கருகும். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு வெளியே வெயிலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒரு ஆத்தா உட்கார்ந்திருந்தார்.

"எங்கய்யா நடந்தே போறீக? ஜீப்பு கெடைக்கலயா?"

"டாப் ஸ்டேஷனுக்கு, ஆத்தா. அந்தக் காலத்துல ரயில் போன வழியப் பாத்துட்டுப் போறேன்."

"ரயிலா?" கொஞ்சம் யோசித்தார். "எங்க மாமியா சொல்லுவாக. தேயிலப் பொட்டி கீழ போகுமாம், அரிசி மூட மேல வருமாம். ஆளு நடந்துதேன்."

அந்தக் கடைசி இரண்டு வார்த்தைக்காகவே நான் நடந்தேன் என்று பிற்பாடு தோன்றியது. அவரை விட்டுக் கிளம்ப மனமில்லாமல் உட்கார்ந்தேன். வரக்காப்பி கொடுத்தார். முப்பத்தைந்து வருஷம் கொழுந்து எடுத்திருக்கிறார். மாமனார் கயத்தாறு பக்கத்திலிருந்து வந்தவராம். ஊர்ப் பெயர் தெரியும், வீடு எது என்று தெரியாது. மகன் பெயர் எஸ்டேட்டில் இருப்பதால் லயத்தில் இருக்க முடிகிறது.

"நான் ரிட்டயர் ஆயிட்டேன். அவனும் ஆயிட்டா எறங்கணும்."

"எங்க எறங்குவீங்க ஆத்தா?"

"அதேன் தெரியல."

மலையில் இந்தச் சொல்லுக்கு இருக்கும் கனம் கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது. எஸ்டேட்டில் வேலை முடிந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். லயம் கம்பெனியுடையது. மூன்று தலைமுறை ஒரே அறையில் பிறந்து ஒரே அறையில் செத்திருந்தாலும் அது அவர்களுடையதாகாது. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் "எறங்குறது". அவரு எறங்கிட்டாரு, எங்க சித்தப்பா குடும்பம் எறங்கிருச்சு என்பார்கள். சமவெளியில் நாம் பஸ்ஸிலிருந்து இறங்குகிறோம், ரயிலிலிருந்து இறங்குகிறோம். இறங்கினால் ஊர் வந்துவிட்டது என்று பொருள். அந்த ஆத்தாவுக்கு எறங்கினால் ஊர் போய்விட்டது என்று பொருள். அவர் வீட்டு வாசலிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் நூறு வருஷம் முந்தி வண்டி போன அந்தத் தடம் தெரிகிறது. அந்த வண்டி அவர் குடும்பத்தின் அரிசியைச் சுமந்து வந்திருக்கிறது, அவர்கள் கிள்ளிய தேயிலையைச் சுமந்து போயிருக்கிறது. அவர்களைப் பொறுத்தவரை அது பக்கத்தில் போய்க்கொண்டிருந்த ஒன்று.

ஆனைமலைத் தோட்டங்களைப் பற்றி மருத்துவர் பி. எச். டேனியல் ஒரு நாவல் எழுதினார். 'எரியும் பனிக்காடு' என்ற பெயரில் அது தமிழில் வந்தபிறகுதான் நம்மில் பலர் தேயிலைக்குப் பின்னால் இருந்த ஆட்களைப் பற்றி யோசிக்கத் தொடங்கினோம். மூணாறில் முதல் ஜெனரல் மேனேஜரின் மனைவி எலினர் 1894-ல் காலராவில் இறந்து ஒரு குன்றில் புதைக்கப்பட்டார். அவருக்குக் கல்லறை இருக்கிறது, பின்னால் அந்தக் குன்றின் அடியிலேயே ஒரு தேவாலயமும் எழுந்தது. வெளியூர்க்காரர்கள் போய்ப் பார்த்துப் பூ வைக்கிறார்கள். அந்த இளம்பெண்ணின் சாவு துக்கமானதுதான். அந்த மலையில் அதே பேதியிலும் காய்ச்சலிலும் போனவர்களின் எண்ணிக்கை தேயிலைத் தூருக்கு ஒன்று என்று வைத்தாலும் தகும் என்று எங்கள் சொந்தக்காரர் சொல்வார். அவர் மிகைப்படுத்துகிறவர். ஆனால் அந்தத் தூர்களுக்கு நடுவே நடக்கும்போது அந்தப் பேச்சு கூடவே வந்தது.

இரண்டாம் நாள் மாலை டாப் ஸ்டேஷனை அடைந்தேன். வியூ பாயின்ட்டுக்கு முன்னால் வரிசையாகக் கடைகள். கேரட், ஹோம்மேட் சாக்லேட், சோளம். கேரள எல்லை முடிந்து தமிழ்நாட்டின் தேனி மாவட்டம் தொடங்குவது இங்கேதான். ரயிலைப் பற்றிக் கேட்டால் கடைக்காரர்கள் சரிவைக் கையால் காட்டுகிறார்கள். அங்கே தேயிலையைக் கீழே இறக்கிய ரோப்வே நின்ற இடத்தின் கல் கட்டுமானம் மிச்சமிருக்கிறது. பாசி பிடித்து, நடுவில் மரம் முளைத்து, ஒரு பழைய கோயில் மண்டபத்தின் அடித்தளம் போல இருக்கிறது. அதன் மேல் நின்று கிழக்கே பார்த்தால் காலுக்குக் கீழே மலை விழுந்துபோகிறது. ஆயிரம் மீட்டருக்கும் மேல் பள்ளம். அதற்கப்பால் எங்கள் ஊர், மங்கிய புகைக்குள் ஒரு கை விரல் அளவில்.

தண்டவாளம் இங்கே முடிந்தது, கம்பி இங்கே தொடங்கியது. ஐந்து கிலோமீட்டர் நீளத்துக்கு இரும்புக் கயிறு கட்டி, அதில் பெட்டிகளைத் தொங்கவிட்டுக் கொட்டகுடிக்கு இறக்கினார்கள். கொட்டகுடிக்கு அப்போது பாட்டம் ஸ்டேஷன் என்று பெயர் விழுந்தது. அங்கிருந்து போடி வரை மாட்டு வண்டி.

1924 ஜூலையில் மழை மூன்று வாரம் விடாமல் பெய்தது. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் மலையாளத்தில் தொண்ணூற்றொன்பதாம் வருஷத்து வெள்ளம் என்பார்கள். திருவிதாங்கூரில் பாதி மூழ்கியது என்பதை வரலாறு படித்தவர்கள் அறிவார்கள். கடல் மட்டத்துக்கு மேல் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரத்தில் இருக்கும் மூணாறும் மூழ்கியது என்பதை நம்பத்தான் கஷ்டம். மலை சரிந்து மாட்டுப்பட்டிப் பக்கம் ஆற்றை அடைத்து நின்றது, தேங்கிய தண்ணீர் ஒரேயடியாக உடைத்துக்கொண்டு வந்து டவுனை வாரிக்கொண்டு போனது என்று சொல்கிறார்கள். ஆலுவாவிலிருந்து வந்த பழைய ரோட்டில் கரிந்திரி மலை என்ற ஒரு மலையே இல்லாமல் போனது. அந்த ரோட்டை அதோடு விட்டுவிட்டார்கள். ரயிலையும் விட்டுவிட்டார்கள். பாலங்கள் போய், தடம் சரிந்து, மறுபடி போடுவதற்குக் கம்பெனிக்கு அது தேவைப்படவில்லை. அதே தேயிலையை வேறு வழியில் இறக்கிக்கொள்ளலாம் என்று ஆனபிறகு ஒரு ரயிலுக்கு என்ன வேலை?

அந்த மாதத்தில் எப்போதோ, இந்தச் சரிவில் எங்கேயோ, என் அம்மாச்சி பிறந்தாள். அவள் அப்பா ரோப்வேயில் பெட்டி ஏற்றும் ஆள். வேலை நின்றதும் அவர்கள் எறங்கினார்கள். கொழுந்துக் கூடையில் பழைய சேலையை மெத்தையாக மடித்து வைத்து, பச்சைக் குழந்தையை அதில் கிடத்தித் தலையில் சுமந்துகொண்டு வந்ததாக எங்கள் வீட்டுக் கதை. கூடை மேலே, மழை அதற்கு மேலே. மழையில் வழுக்கும் இந்தச் சரிவில் ஒரு பிரசவித்த பெண் எப்படி இறங்கியிருப்பாள் என்று நான் நின்று நின்று பார்த்தேன்.

அந்த மழை முடிந்துபோன மழை இல்லை. 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு, இதே மலைத் தொடரில், ராஜமலைக்கு அந்தப் பக்கம் பெட்டிமுடியில் மலை சரிந்து தொழிலாளர் லயங்களின் மேல் விழுந்தது. 70 பேர். நிறையக் குடும்பங்கள் கயத்தாறுப் பக்கத்தைச் சேர்ந்தவை. எல்லப்பட்டி ஆத்தா அதைப் பற்றி எதுவும் பேசவில்லை. கயத்தாறு என்று சொல்லிவிட்டு ஒரு நிமிஷம் சும்மா இருந்தார்.

மூன்றாம் நாள் இறக்கம். 2018 மார்ச் 11-ஆம் தேதி குரங்கணிக் காட்டில் பிடித்த தீயில் மலையேற வந்த இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலும் இளம் வயதினர். அதற்குப் பிறகு வனத்துறைச் சீட்டும் வழிகாட்டியும் இல்லாமல் இந்தப் பாதையில் யாரும் போகக் கூடாது. எனக்கு வந்த வழிகாட்டி முதுவாக்குடியைச் சேர்ந்த முதுவர் பழங்குடி இளைஞர். முன்னால் போய்க்கொண்டே பேசினார், திரும்பிப் பார்க்காமல்.

"அண்ணே, ரோப்வே போன எடத்தக் காட்டுறேன். ஆனா அங்க ஒண்ணும் இருக்காது."

"எதனால?"

"அது மேல போச்சுல்ல. காத்துல போனதுக்கு எப்டித் தடம் இருக்கும்? தடம்னா இதுதான்." காலால் மண்ணைத் தட்டினார். "இது எங்க பாட்டன் பூட்டன் போன தடம். வெள்ளக்காரன் வந்தப்பயும் இதுல கூட்டிட்டுதான் போயிருக்கோம்."

அவர் சொன்னதில் ஒரு கணக்கு இருந்தது. மலையில் மூன்று விதமான வழிகள் இருந்திருக்கின்றன. தண்டவாளம் பதினாறு வருஷத்தில் போனது. கம்பியும் போனது. முதுவர் போட்ட ஒற்றையடித் தடம் இருக்கிறது. ஆள் பிடித்துக் கூட்டிவந்த கங்காணி முன்னால் போக, பெட்டி படுக்கையோடும் பிள்ளை குட்டியோடும் திருநெல்வேலி, ராமநாதபுரம், மதுரை ஜில்லாக்களிலிருந்து வந்த சனங்கள் ஏறியது இந்த மாதிரித் தடங்களில்தான். ஒரு பெட்டி தேயிலை ஆகாயத்தில் மிதந்து இறங்கும்போது அதை அண்ணாந்து பார்த்தபடி கீழேயிருந்து ஒரு குடும்பம் ஏறி வந்திருக்கும். பெட்டிக்கு வழியில் இளைப்பாற வேண்டியதில்லை. ஆட்களுக்குத்தான் வேண்டியிருந்தது.

பாதி இறக்கத்தில் ஒரு சின்னக் குடியிருப்பு. காப்பிச் செடி, பலா, சில வீடுகள், ஒரு கடை. ஊரின் பெயர் சென்ட்ரல் ஸ்டேஷன். உச்சிக்கும் அடிவாரத்துக்கும் நடுவில் கம்பி இங்கே நின்று போயிருக்கிறது. சென்னைக்காரர்களுக்கு சென்ட்ரல் என்றால் சிவப்புக் கட்டடமும் கடிகாரக் கோபுரமும். இங்கே சென்ட்ரல் என்றால் காப்பிக் காடு. அந்தக் கடையில் உட்கார்ந்து எலுமிச்சை டீ குடித்தேன். ஸ்கூல் பையோடு ஒரு சிறுமி வந்தாள். எந்த ஊரும்மா என்று கேட்டதற்கு "சென்ட்ரல்" என்றாள், யாரும் தன் ஊரைச் சொல்வதுபோல, இயல்பாக.

நான் தேடி வந்தது அந்தப் பெயர்களைத்தான் என்று அப்போது உறுதியாயிற்று. இரும்பு போய்விட்டது, கல் பாதி மிச்சம், சரிவு காலுக்கு மட்டும் தெரியும். டாப் ஸ்டேஷன், சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற சொற்கள் முழுசாக இருக்கின்றன. ரயிலைப் பார்த்திராத ஜனங்கள், அவர்களின் அப்பாவும் பார்த்திராத ஜனங்கள், அந்தச் சொல்லில் குடியிருக்கிறார்கள். ரேஷன் கார்டில் அது இருக்கிறது. பிள்ளையின் பள்ளிச் சான்றிதழில் அது இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக ஒரு ஸ்டேஷனில் இருக்கிறார்கள்.

கொட்டகுடியில் வேறு கதை. அங்கே வந்ததும் டீக்கடையில் பாட்டம் ஸ்டேஷன் எது என்று விசாரித்தேன். கல்லாவில் இருந்தவர் புரியாமல் பார்த்தார். பெரியவர் ஒருவர்தான் "ஆமா, வெள்ளக்காரன் இத அப்டிச் சொல்லுவானாம்" என்றார். கொட்டகுடிக்கு ரயிலுக்கு முன்பே ஆறு இருந்தது, ஊர் இருந்தது, பெயர் இருந்தது. கம்பி அறுந்ததும் இரவல் பெயரை உதிர்த்துவிட்டது. உச்சியில் அப்படி உதிர்த்துவிட்டுத் திரும்பிப் போக இன்னொரு பெயர் இல்லை.

போடிக்குப் பஸ் ஏறினேன். மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது 1928-ல். மலை ரயில் செத்து நான்கு வருஷம் கழித்து. தேயிலைக்காக வண்டி மாட்டின் கழுத்து தேய்ந்ததெல்லாம் அதற்கு முந்திய கதை. இரண்டு ரயிலும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவே இல்லை என்பது எனக்கு எப்போது நினைத்தாலும் மனதை என்னவோ செய்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போடித் தண்டவாளத்தையும் பெயர்த்துக்கொண்டு போனார்கள். 1950-களில் மறுபடி போட்டார்கள். அகலப் பாதையாக்க 2010 முடிவில் நிறுத்தினார்கள். 2023 ஜூனில் திரும்ப வந்தது. நடுவில் பன்னிரண்டு வருஷம் நாங்களும் ரயில் இல்லாத ஸ்டேஷன் ஊர்க்காரர்களாக இருந்தோம். பிளாட்பாரத்தில் ஆடு மேய்ந்தது, வேலிக்காத்தான் வளர்ந்தது. அந்த நாட்களில் அம்மாச்சியை நினைத்துக்கொள்வேன்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்குப் போகாமல் ஸ்டேஷனுக்கு நடந்தேன். மதுரை வண்டி நின்றிருந்தது. பிளாட்பாரத்தில் ஒரு வயதான தம்பதி. போர்வையில் சுற்றிய டிவி, இரண்டு அலுமினிய அண்டா, கயிற்றால் கட்டிய டிரங்குப் பெட்டி, அதன் மேல் ஒரு பித்தளை வேல். அந்த அம்மாள் ஸ்வெட்டரைக் கழற்றியிருக்கவில்லை. போடியில் அந்த வெயிலுக்கு ஸ்வெட்டர் போட்டிருப்பவர்கள் மலையிலிருந்து அன்றைக்கு வந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். டிரங்குப் பெட்டியை ஏற்ற ஒரு கை கொடுத்தேன். பெரியவர் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, சங்கரன்கோயிலு போகணும்னா எங்க எறங்கணும்?"

"மதுரையில எறங்கி வண்டி மாறணும் அய்யா. செங்கோட்டை வண்டி."

"மதுரையில எறங்கி," என்று அவர் தன் மனைவியிடம் திரும்பிச் சொன்னார். வண்டி நகர்ந்தது. அந்த அம்மாள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, மேற்கே மலையிருந்த பக்கம் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.